டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தப் பையன் சிகரெட்டை விட்டுவிடுவானா?

போதை மீட்பு சிகிச்சையில் பணிபுரியும் மனநல மருத்துவரின் பதில்

இந்த முறை கடிதம் எழுதியிருப்பவர் ஓர் ஆசிரியை. மேற்கு மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் வகுப்பாசிரியர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

மதிய இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய வகுப்புப் பையன்கள் நான்கு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டிருக்கிறார்கள். பெற்றோரை வரவழைத்து நான்கு பேருக்கும் டி.சி. கொடுத்துவிட வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். டீச்சர் கெஞ்சிக் கேட்டு ஒரு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறார். அன்று மாலை நால்வரில் ஒருவன் (கதிர் என்று வைத்துக்கொள்வோம்) தனியாக வந்து அழுதிருக்கிறான். "மிஸ், நானே விட்டுறலாம்னு ரெண்டு தடவை பார்த்தேன். மூணாம் நாள் முடியல மிஸ்."

கதிருக்கு 16 வயது, பள்ளிக் கபடி அணியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறான். சிகரெட் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு. லாரி ஓட்டும் அப்பா பீடி பிடிப்பவர், அதை வாங்கிவர இவனைத்தான் கடைக்கு அனுப்புகிறார். விஷயம் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று பயப்படுகிறான்.

இதற்கிடையே நகரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் அரை நாள் விழிப்புணர்வு முகாம் நடத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வாய்ப்புற்றுநோய்ப் படங்கள், உறுதிமொழி, சான்றிதழ், எல்லாம் இலவசம். அது போதுமா? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கத்தை நாமே வாங்கிக் கொடுக்கலாமா? சிகரெட்டுக்குப் பதில் வேப் பரவாயில்லை என்கிறாரே சக ஆசிரியர், உண்மையா? பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? பள்ளிக்கு எதிரே விற்கும் கடைமேல் புகார் கொடுத்தால் பையன்கள் போலீஸ் கேஸில் சிக்குவார்களா? இவை அவருடைய கேள்விகள். கடைசி வரியில், "இந்த வயசுல அஞ்சாறு சிகரெட்டுங்கறது சும்மா பழக்கம்தானே, அடிமைன்னு சொல்லிட முடியாதில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள டீச்சர்,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. கதிருக்கு வந்திருப்பது நிகோடின் அடிமைத்தனம். நாளைக்கு எத்தனை சிகரெட் என்ற எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்வதில்லை. வளரும் மூளை நிகோடினுக்கு மிக வேகமாகப் பிடிகொடுத்துவிடும். தினமும் பிடிக்காத பிள்ளைகளிடம்கூட 'விட நினைத்தேன், முடியவில்லை' என்ற அறிகுறியைப் பார்க்கிறோம். காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் வேண்டியிருக்கிறது, பிடிக்க முடியாத இடத்தில் இருக்கும்போது எரிச்சல் வருகிறதா, பாடத்தில் மனம் நிற்காமல் ஓடுகிறதா என்று அவனிடம் கேளுங்கள். எண்ணிக்கையைவிட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும்.

"மூணாம் நாள் முடியல" என்றானே, அதைக் கவனித்தீர்களா? நிகோடினை நிறுத்தியவர்களுக்குத் தவிப்பு உச்சத்துக்குப் போவது இரண்டாவது, மூன்றாவது நாட்களில்தான். எரிச்சல், தூக்கக் குறைவு, தலைவலி, எதிலும் கவனம் நிற்காமை எல்லாம் அப்போது ஒன்றாக வரும். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். பையன் இரண்டு தடவையும் ஏறக்குறைய உச்சிவரை ஏறிவிட்டுத்தான் திரும்பியிருக்கிறான். அவனுக்கு மன உறுதி இல்லை என்று நினைக்காதீர்கள். உச்சி அதுதான் என்று சொல்ல அவன் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. அதை முதல் வேலையாக அவனிடம் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளி மட்டும் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்ற தொனியும் கடிதத்தில் இருக்கிறது. அப்படி இல்லை. 2019-இல் இந்தியப் பள்ளிகளில் நடந்த இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியவர்கள். நால்வர் பிடிபட்டார்கள் என்றால் பிடிபடாதவர்களும் இருப்பார்கள். இந்த நால்வரை நீங்கள் நடத்தும் விதத்தை அவர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். உதவி கேட்டு வருவதா, இன்னும் நன்றாக ஒளிந்துகொள்வதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

டி.சி. பற்றி

சட்டம் முழுக்க உங்கள் பக்கம் நிற்கிறது என்று பொய்யாகத் தைரியம் சொல்ல மாட்டேன். பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன் மாணவன் விஷயத்தில் அதைக் காட்டித் தலைமையாசிரியரை நிறுத்த முடியாது. ஆனால் அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: டி.சி. வாங்கிய மறுநாள் கதிர் எங்கே போவான்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்க்கொண்டிருந்த கேட்டரிங் வேலைக்கு ஏழு நாளும் போவான். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, பந்திக்குப் பந்தி ஓடி, இடையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பெரியவர்களோடு நின்று தம் அடிப்பான். புகைப்பதைக் கேட்கவோ தடுக்கவோ அங்கே ஒருவரும் கிடையாது. பள்ளியில் இருக்கும்வரை ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அவன் புகைக்காமல் இருந்தாக வேண்டும். கபடிப் பயிற்சி உண்டு, நீங்கள் இருக்கிறீர்கள். இத்தனையும் சிகிச்சைக்கு உதவும் விஷயங்கள். டி.சி. கொடுத்தால் இவை எல்லாம் ஒரே நாளில் அவனை விட்டுப் போய்விடும். மற்ற மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும் என்பது தலைமையாசிரியரின் எண்ணமாக இருக்கலாம். பிடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வார்கள்.

அவருக்கு வேறொரு வழியைக் கையில் கொடுங்கள். "தண்டனை வேண்டாம்" என்று மட்டும் கேட்டால், ஒழுங்கைக் காப்பாற்றும் பொறுப்பில் இருப்பவருக்கு அது மழுப்பலாகப் படும். ஆறு வாரக் கால அவகாசம், வாரம் ஒரு குழுச் சந்திப்பு, வளாகத்துக்குள் புகைக்கக் கூடாது என்ற கண்டிப்பான நிபந்தனை, வராமல் இருந்தால் பெற்றோருடன் பேச்சு என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மத்திய அரசின் 'புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்' வழிகாட்டு நெறிகள் 2019-இல் புதுப்பிக்கப்பட்டவை. புகையிலைக் கண்காணிப்புக்கு ஒருவரைப் பள்ளியிலேயே பொறுப்பாக நியமிக்கச் சொல்கின்றன அவை. அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதே நெறிகள் வளாகத்துக்குள் யாருமே புகையிலை பயன்படுத்தக் கூடாது என்கின்றன. யாருமே என்றால் ஆசிரியர்களும்தான். இதையும் ஸ்டாஃப் ரூமில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

தொண்டு நிறுவனத்திடம் என்ன கேட்பது

வரட்டும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அரை நாள் முகாமோடு அனுப்பிவிடாதீர்கள். அழுகிய கன்னம், அறுத்தெடுத்த தாடை என்று படம் போட்டுக் காட்டினால் அரங்கம் ஐந்து நிமிடம் உறைந்து போகும். 16 வயதுப் பிள்ளைக்கு 50 வயதில் வரும் நோய் தனக்கானது என்றே தோன்றாது. ஏற்கெனவே பிடிப்பவனுக்கோ பயம் கூடும், அந்தப் பயத்தைத் தணிக்கவே மறுபடி ஒன்று பற்றவைப்பான். உறுதிமொழியும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் சறுக்கும் பையன் குற்ற உணர்ச்சியில் அப்புறம் உங்கள் கண்ணில் படாமலே திரிவான்.

தொடர்ச்சியாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு நம்மூரிலேயே சான்று இருக்கிறது. 2004 முதல் 2006 வரை டெல்லியிலும் சென்னையிலுமாக 32 பள்ளிகளில், 6, 8-ஆம் வகுப்பு மாணவர்களிடம் 'மைத்ரி' என்ற திட்டம் நடந்தது. டெல்லியைச் சேர்ந்த 'ஹிருதய்' என்ற தொண்டு நிறுவனம் அதில் முன்னின்றது. வகுப்பறைப் பயிற்சிகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சலட்டைகள், மாணவர்களே தலைமை ஏற்று நடத்திய செயல்பாடுகள் என்று இரண்டு ஆண்டுகள் விடாமல் செய்தார்கள். திட்டம் நடக்காத பள்ளிகளில் அந்தக் காலத்தில் புகையிலைப் பயன்பாடு 68 சதவீதம் கூடியது. நடந்த பள்ளிகளில் 17 சதவீதம் குறைந்தது. அது தொடங்காமல் தடுப்பதற்கான திட்டம், விடவைக்கும் சிகிச்சை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்புக்கு அந்த மாதிரி வேண்டும். கதிருக்கு வேறு வேண்டும்.

அவனைப் போன்றவர்களுக்குச் சிறு குழுவாக உட்கார வைத்து வாராவாரம் பேசுவதுதான் இதுவரை நடந்த ஆய்வுகளில் ஓரளவு நல்ல பலன் காட்டியிருக்கிறது. ஆகவே நிறுவனத்தாரிடம் இப்படிக் கேளுங்கள்: முகாமுக்கு ஒதுக்கிய நேரத்தை உடைத்து, ஆறு வாரம், வாரத்துக்கு நாற்பது நிமிடம் தர முடியுமா? ஒவ்வொரு வாரமும் ஒரே ஆலோசகர் வருவாரா, அவர் புகையிலை மீட்பில் பயிற்சி பெற்றவரா? யாருக்காவது மருத்துவம் தேவைப்பட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்? மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பார்களா?

இன்னும் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். முதலாவது புகைப்படம். நன்கொடையாளர்களுக்கு அனுப்பவும் முகநூலில் போடவும் படம் எடுப்பார்கள். முகாமில் ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் படம் என்றால் பரவாயில்லை. 'சிகரெட்டை விட வந்த மாணவர்கள்' என்று நான்கு பேர் நிற்கும் படம் எக்காலத்திலும் வெளியே போகக் கூடாது. பெயர்ப் பட்டியலும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். இரண்டாவது பணம். அந்த நிறுவனத்துக்கு நிதி தருவது யார் என்று நேராகவே கேளுங்கள். உலகின் பல நாடுகளில் சிகரெட் கம்பெனிகளே 'இளைஞர் புகைத் தடுப்பு' என்ற பெயரில் நிகழ்ச்சி நடத்தியிருக்கின்றன. பெரியவர்கள் ஆனபின் பிடிக்கலாம் என்ற செய்தியைத்தான் அவை பிள்ளைகளின் மனதில் விதைத்தன. புகையிலைத் தொழிலின் பணம் ஒரு ரூபாய் இருந்தாலும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்த நிறுவனம் முகாமுக்கு மேல் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் வழி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஓர் அறக்கட்டளை நிறுவனம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 2002-இல் நாடு முழுக்கத் திறக்கப்பட்ட 13 புகையிலை மீட்பு மையங்களில் ஒன்று அங்கே அமைந்தது. சென்னையிலேயே 1980 முதல் போதை மீட்புக்காக இயங்கிவரும் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து சென்னை தூரம்தான். எந்த மாதிரிப் பயிற்சி, எந்த மாதிரிப் பாடப்பொருள் என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் என்று பார்த்தால் உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவு இரண்டையும் அணுகலாம். இங்கெல்லாம் கட்டணம் கிடையாது.

1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. தேசியப் புகையிலை மீட்பு உதவி எண். விடும் தேதியைக் குறித்துக்கொண்டால் அவர்களே பிற்பாடு கூப்பிட்டு விசாரிப்பார்கள். 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு சிகரெட் பெட்டியிலும் இந்த எண் அச்சாகி வருகிறது. ஆனால் உங்கள் மாணவர்களில் ஒருவன்கூட அதைப் பார்த்திருக்க மாட்டான். அவர்கள் வாங்குவது பெட்டியை அல்ல, சிங்கிள். எச்சரிக்கைப் படமும் உதவி எண்ணும் கடைக்காரரிடமே தங்கிவிடுகின்றன. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஒட்டுங்கள். கழிவறைக் கதவின் உள்பக்கம் இன்னும் நல்லது, யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளலாம்.

சூயிங்கம், வேப், பீடி

2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதனாலேயே மிட்டாய் மாதிரி வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது மருத்துவர் பார்த்துச் சொன்னால் மட்டுமே. பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்து அது. வளரிளம் பருவத்தினரிடம் அதே அளவு பலன் தரும் என்று ஆய்வுகள் இன்னும் காட்டவில்லை. அடிமைத்தனம் மிகவும் கடுமையாக இருந்தால் நாங்கள் யோசிப்பதுண்டு. மற்ற மாத்திரைகளுக்கும் இதே பதில்தான்.

வேப் யோசனையை அங்கேயே நிறுத்துங்கள். 2019 முதல் இந்தியாவில் மின் சிகரெட்டைத் தயாரிப்பது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே சட்டப்படி தடை. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், அதிலும் நிகோடின்தான் இருக்கிறது, கள்ளச் சந்தையில் கிடைப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பீடி இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்று கதிரின் அப்பா நம்பிக்கொண்டிருக்கலாம், நம்மில் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். பீடிப் புகையிலும் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு எல்லாம் இருக்கின்றன. அது அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. நுரையீரலுக்கு அதனால் லாபம் ஒன்றும் இல்லை. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலத்துக்கு மாறிவிடுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். புகை இல்லை, வாசனை இல்லை, வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம் என்பதால் சிகரெட்டை விட்ட பிள்ளைகள் அதற்குத் தாவுவதை நிறையப் பார்க்கிறோம்.

வீட்டில் சொல்வதா?

உங்கள் கேள்விகளிலேயே கஷ்டமானது இதுதான். சொல்லாமல் மறைத்தால் நாளைக்கு அந்த அப்பா பள்ளி வாசலில் வந்து நின்று, "என் பிள்ளை விஷயத்தை என்கிட்டயே மறைச்சீங்களா?" என்று கேட்பார். அதில் நியாயம் இருக்கிறது. ஆலோசகரோ மருத்துவரோ தனியாகச் சிகிச்சை தருவதற்குப் பெற்றோர் சம்மதமும் தேவைப்படும். அதே நேரம் கதிரின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட பிள்ளைகள் அன்றிரவே விபரீத முடிவு எடுத்ததைத் தமிழ்நாட்டில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கதிரிடமே கேளுங்கள்: "வீட்டுக்குத் தெரிஞ்சாகணும். யார்கிட்ட முதல்ல சொல்றது உனக்குச் சுலபம்?" அம்மா, தாய்மாமா, அக்கா என்று யாரையாவது சொல்வான். அவரை முதலில் அழைத்துப் பேசுங்கள். நால்வரின் பெற்றோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து விசாரணை நடத்தாதீர்கள். ஒவ்வொருவராக வரட்டும். அப்பா வரும்போது கதிரை அடிக்கக் கூடாது என்ற வாக்கை வாங்கிக்கொண்டுதான் விஷயத்தைத் தொடங்க வேண்டும். அப்புறம் "நீங்க பிடிக்கிறதைப் பார்த்துத்தான் பையன் கெட்டான்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதைச் சொன்ன நிமிடமே அவர் எழுந்து போய்விடுவார். அவரிடம் இரண்டு உதவிகள் கேளுங்கள்: பீடி வாங்க மகனை அனுப்ப வேண்டாம், வீட்டுக்குள் பிடிக்க வேண்டாம். இதற்கு அநேகமாக எல்லா அப்பாக்களும் சம்மதிக்கிறார்கள். தானும் விட முயல்கிறேன் என்று அவர் சொன்னால் அதே இலவச எண்ணை அவருக்கும் கொடுங்கள்.

பையன் மிகவும் உடைந்துபோய் இருந்தால், சாவதைப் பற்றிப் பேசினால், கஞ்சா போன்ற வேறு பொருளும் உள்ளே வந்திருப்பது தெரிந்தால், அந்த ரகசியத்தை நீங்கள் ஒருவரே சுமக்கக் கூடாது. அன்றைக்கே பெற்றோரும் மருத்துவரும் அறிந்தாக வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

எதிரே இருக்கும் கடை

இந்த விஷயத்தில் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் விற்கக் கூடாது, கல்வி நிறுவனத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் (ஏறக்குறைய 91 மீட்டர்) விற்கவே கூடாது என்கிறது. "அப்பாவுக்காக வாங்குகிறேன்" என்று பையன் சொன்னாலும் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. அந்தச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய்தான். கடைக்காரர்கள் பயப்படாததற்கு அது ஒரு காரணம். ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு மிகக் கடுமையானது. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

புகார் பள்ளியின் பெயரில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு காவல் நிலையத்துக்கும் மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் போகட்டும். அதில் மாணவர் பெயர் எதுவும் வேண்டாம், கடை இருக்கும் தூரமும் சிங்கிள் விற்பதும் மட்டும் போதும். இந்தச் சட்டங்கள் குறிவைப்பது விற்பவரையும் கொடுப்பவரையும். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் அபராதம் என்பதைத் தவிர, புகைத்த பிள்ளையைச் சிறையில் தள்ளும் பிரிவு எதுவும் இதில் இல்லை. ஒன்றே ஒன்றில் எச்சரிக்கை. நால்வரில் ஒருவன்தான் மற்றவர்களுக்கு வாங்கி வந்தான் என்று விசாரணையில் தெரியவரலாம். அவனும் குழந்தைதான். அவனை விற்பனையாளன் மாதிரி மாற்றிக் காவல் நிலையத்தில் நிறுத்தாதீர்கள். சரி, கடையை முதலில் ஒருமுறை நேரில் போய்ப் பேசிப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். பி.டி.ஏ. தலைவரும் வார்டு உறுப்பினரும் உடன் வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கதிரோடு அடுத்த ஆறு வாரம்

விடும் தேதியை அவனே குறிக்கட்டும். தேர்வு வாரத்தில் வேண்டாம். காலாண்டு விடுமுறை முழுவதும் கேட்டரிங் வேலை இருக்கும் என்றால் அதிலும் வேண்டாம். பள்ளி நடக்கும் ஒரு திங்கட்கிழமை நல்லது. ஞாயிறு வேலையை அந்த ஆறு வாரத்துக்காவது விட முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். அந்தச் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்படலாம், கட்டாயப்படுத்தாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், இடைவேளையில் புகைப்பவர்களோடு நிற்காமல் தம்பி ஒருவனுக்குப் போன் பண்ணுவது, சாப்பிட உட்கார்ந்துவிடுவது என்று எதையாவது முன்னாலேயே முடிவு செய்துகொண்டு போகட்டும். "ஒண்ணு இழு மச்சான்" என்று நீட்டும்போது என்ன சொல்வான் என்பதை உங்கள் முன்னாலேயே சொல்லிப் பார்க்கட்டும். "கோச் திட்டுறாருடா, மூச்சு பத்தல" என்பது கபடி ஆடும் பையனுக்கு இயல்பாக வரும், யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அது உண்மையும்கூட. நிறுத்திய ஒரு நாளுக்குள்ளேயே ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பெருமளவு இறங்கிவிடும். சில வாரங்களில் ரெய்டு போகும்போது மூச்சு நிற்பதை அவனே உணர்வான். 50 வயதுப் புற்றுநோயைவிட இந்த மாதக் கடைசியில் நடக்கும் மேட்ச் அவனுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

தவிப்பு அலைபோல எழுந்து சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களைக் கடக்க ஒரு டம்ளர் தண்ணீர், பத்து ஆழ்ந்த மூச்சு, இடத்தை விட்டு நகர்வது, இவையே போதும். முதல் வாரம் வகுப்பில் கடுகடுவென்று இருப்பான், எதிர்த்துப் பேசினாலும் பேசுவான். காரணத்தைச் சொல்லாமலே மற்ற ஆசிரியர்களிடம், இந்த வாரம் அவனைக் கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டீக்கடைப் பக்கம் போகாமல் சைக்கிளை வேறு தெரு வழியாக விடச் சொல்லுங்கள்.

சறுக்குவான். பெரும்பாலானவர்கள் ஒரே முயற்சியில் விடுவதில்லை, பெரியவர்களும் அப்படித்தான். ஒரு நாள் ஒன்று பிடித்துவிட்டேன் என்று வந்து சொன்னால், அவன் சொல்ல வந்ததையே முதலில் பாராட்டுங்கள். பிறகு எங்கே, யாரோடு, என்ன நேரத்தில் என்று மட்டும் கேளுங்கள். அடுத்த வாரத் திட்டத்தை அந்தப் பதிலிலிருந்து போடலாம். "சத்தியம் பண்ணினியே" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது.

மற்ற மூவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அவர்களில் ஒருவன், "எனக்கு விடணும்னு தோணல, என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க" என்று சொன்னதாக ஒரு வரி வருகிறது. அவனையும் குழுவில் உட்கார வையுங்கள். விடுவதாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, வளாக விதியை மீறாமல் ஆறு வாரமும் வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லுங்கள். சிகரெட்டில் அவனுக்குப் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று இரண்டையும் கேளுங்கள், மறுத்துப் பேசாமல் கேளுங்கள். செலவு, வாய் நாற்றம், அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் என்று இரண்டாவது பட்டியலை அவனே சொல்லத் தொடங்குவான். அதற்கு இரண்டு வாரம் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். தலைமையாசிரியரிடம் நீங்கள் கொடுக்கப்போகும் அந்த ஒரு பக்கத்தில் அவன் பெயரும் கட்டாயம் இருக்கட்டும்.